லிண்டிஸ்ஃபார்ன் தீவு மடம்: நாம் பார்ப்பது எந்தக் காலத்து இடிபாடு?

பனைநிழல் எழுதியது:

சென்ற மாதம், ஊரிலிருந்து வந்திருந்த அப்பாவை அழைத்துக்கொண்டு, இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையோரம் இருக்கும் லிண்டிஸ்ஃபார்ன் தீவுக்குப் போய் வந்தேன். அங்குள்ளவர்கள் அதை ஹோலி ஐலண்ட், அதாவது புனிதத் தீவு, என்றே சொல்கிறார்கள். கி.பி. 635இல் ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையோரத்து அயோனா தீவிலிருந்து வந்த எய்டன் என்ற அயர்லாந்துத் துறவி அங்கே மடம் அமைத்ததையும், அந்த மடத்தில்தான் லிண்டிஸ்ஃபார்ன் நற்செய்தி நூல் எழுதப்பட்டதையும், 793இல் கடல்வழியாக வந்த வைக்கிங்குகள் அதைச் சூறையாடியதையும் போகும் வழியெல்லாம் அவருக்குச் சொல்லிக்கொண்டே போனேன். அப்பா முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழாசிரியராக இருந்தவர். பழைய நூல் என்றால் காதைத் தீட்டிக்கொள்வார்.

இடிபாட்டுக்குள் நுழைந்ததும் அவர் ஒரு பருத்த தூணில் கையை வைத்து, "இது எய்டன் கட்டியதா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். சற்று நேரம் கழித்து விளக்கப் பலகையைப் படித்தபோதுதான், கண்ணில் படும் கட்டடம் அனைத்தும் 12ஆம் நூற்றாண்டிலும் அதற்குப் பிறகும் டரம் நகரத்துப் பெனடிக்டின் துறவிகள் கட்டியவை என்பது தெரிந்தது. அந்தத் தூணுக்கும் எய்டனுக்கும் நடுவே ஐந்நூறு ஆண்டுகள் இருக்கின்றன. அப்பாவிடம் அன்று அதைச் சொல்லவில்லை. கடல் ஏறி வழியை மூடுமுன் கரை திரும்ப வேண்டும் என்ற அவசரத்தில் கிளம்பிவிட்டோம். அவரும் ஊர் திரும்பிவிட்டார்.

அந்தத் தவறான பதில் எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. எய்டனின் மடத்தைப் பார்க்கப் போகிறவர் அங்கே உண்மையில் எதைப் பார்க்கிறார்? அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

வடகரை எழுதியது:

நியூகாசிலுக்குக் குடிவந்த புதிதில் எனக்கும் இதே ஏமாற்றம் நேர்ந்தது. எய்டனின் மடம் ஏன் கண்ணில் படவில்லை என்பதற்கான விடையை, 731இல் தம் வரலாற்று நூலை முடித்த பீட் என்ற துறவியே எழுதி வைத்திருக்கிறார். எய்டனுக்குப் பின் ஆயராக வந்த ஃபினான் அந்தத் தீவில் ஒரு தேவாலயம் எழுப்பினார் என்றும், அயர்லாந்துக்காரர்களின் வழக்கப்படி அதைக் கல்லால் கட்டாமல், செதுக்கிய ஓக் மரத்தால் கட்டி நாணலால் கூரை வேய்ந்தார் என்றும் பீட் சொல்கிறார். பிறகு வந்த ஈட்பெர்ட் என்ற ஆயர் நாணலை நீக்கிவிட்டுக் கூரைக்கும் சுவர்களுக்கும் ஈயத் தகடு போர்த்தினாராம். மரமும் நாணலும் வடகடல் காற்றில் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகள் நிற்கா. ஈயத்தை யாரும் விட்டுவைப்பதில்லை.

பீட் எழுதிய இன்னொரு செய்தி என் மனத்தை விட்டு அகலவில்லை. 664இல் விட்பி என்ற ஊரில் நடந்த திருச்சபைப் பேரவையில், உயிர்த்தெழுதல் பெருநாளைக் கணக்கிடும் முறை பற்றிய வழக்கில் எய்டன் வழிவந்த அயர்லாந்துத் துறவிகளின் பக்கம் தோற்றது. அப்போது ஆயராக இருந்த கோல்மன் தம்மோடு வர விரும்பியவர்களை அழைத்துக்கொண்டு தீவை விட்டுப் போனார். அவர்கள் விட்டுச்சென்ற இடத்தில் தேவாலயத்தைத் தவிர வீடுகள் மிகச் சிலவே இருந்தன. கால்நடைகளைத் தவிர வேறு செல்வம் இல்லை. செல்வர்கள் பணம் கொடுத்தால் அதை உடனே ஏழைகளுக்குக் கொடுத்துவிடுவது அவர்களது வழக்கம் என்கிறார் பீட். ஆகவே இன்று அங்கே எய்டன் காலத்துச் சுவர் எதுவும் தென்படாததை வெறும் இழப்பாக மட்டும் கொள்ள என்னால் முடியவில்லை. அவர்கள் வாழ்ந்த விதமே அப்படிப்பட்டது.

எஞ்சியிருந்த அரும்பொருள்களும் தீவில் தங்கவில்லை. 875இல் துறவிகள், முன்பு அங்கே ஆயராக இருந்த கத்பர்ட் என்ற புனிதரின் சவப்பெட்டியையும் அரும்பொருள்களையும் சுமந்துகொண்டு வெளியேறினார்கள். ஆண்டுக்கணக்கில் ஊர் ஊராக அலைந்து, 883இல் செஸ்டர்-லெ-ஸ்ட்ரீட்டிலும், கடைசியாக 995இல் டரத்திலும் நிலைகொண்டார்கள். ஓக் மரத்தில் உருவங்கள் கீறப்பட்ட அந்தச் சவப்பெட்டியின் பலகைகளை இன்று டரம் பேராலயத்தின் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். நற்செய்தி நூல் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. மடத்தின் பொருள்கள் ஓரிடத்திலும் மடம் இருந்த மண் வேறிடத்திலும் இருப்பதால், தீவை மட்டும் பார்த்துவிட்டு வருகிறவர் பாதியைத்தான் பார்க்கிறார்.

உங்கள் தந்தையாருக்கு ஒரு செய்தி சொல்லுங்கள். கன்றுத்தோலில் இலத்தீனில் எழுதப்பட்ட அந்த நூலின் வரிகளுக்கு இடையே, 10ஆம் நூற்றாண்டில் ஆல்ட்ரெட் என்ற குரு, ஒவ்வொரு சொல்லுக்கும் மேலே பழைய ஆங்கிலத்தில் பொருள் எழுதி வைத்திருக்கிறார். நம் வழக்கில் சொன்னால் அது பதவுரை. நற்செய்திகளுக்கு ஆங்கில மொழியில் இன்று கிடைப்பவற்றுள் அதுவே மிகப் பழைய பெயர்ப்பு. நூலை எழுதியவர் ஆயர் ஈட்ஃப்ரித் என்ற செய்தியும் ஆல்ட்ரெட் அதன் இறுதியில் எழுதிவைத்த குறிப்பிலிருந்தே நமக்குக் கிடைக்கிறது.

கல்தச்சன் எழுதியது:

வடகரை அவர்கள் சொன்ன வரலாற்றில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் 12ஆம் நூற்றாண்டுக் கட்டடத்தை ஏமாற்றம் என்ற கணக்கில் எழுதுவதை நான் ஏற்கவில்லை. நான் கட்டுமானப் பொறியாளன். அந்த இடிபாட்டைப் பார்ப்பதற்காகவே மூன்று முறை அங்கே போயிருக்கிறேன்.

பனைநிழல் அவர்களின் தந்தை கைவைத்த தூணில் கோணல் கோணலாக வரி செதுக்கியிருந்தால், அது டரம் பேராலயத்துத் தூண்களின் சாயல். டரம் பேராலயத்துக்கு 1093இல் அடிக்கல் இடப்பட்டது. கல் விலா வளைவுகளின் மேல் கவிகைக் கூரை அமைக்கும் முறை ஐரோப்பாவில் முதன்முதலாகப் பெரிய அளவில் கைகூடிய கட்டடங்களுள் அது ஒன்று. அந்தக் கலையின் சிறு வடிவத்தை இந்தக் காற்றடிக்கும் தீவில் கட்டினார்கள். காரணமும் எளியது. கத்பர்ட்டின் உடல் டரத்துக்குப் போய்விட்டாலும், 687இல் அவர் முதலில் அடக்கம் செய்யப்பட்ட இடம் இதுதான் என்று நம்பி, வெறுமையாகிவிட்ட அந்தக் கல்லறைக்கு நினைவிடம் வைத்து, அதைச் சுற்றித் தேவாலயம் எழுப்பினார்கள். அதாவது, பனைநிழல் அவர்கள் தேடிப் போன அதே பழைய மடத்தைத் தேடித்தான் டரம் துறவிகளும் அங்கே போனார்கள்.

இனி, அந்த இடிபாட்டில் வானவில் வளைவு என்று பெயர்பெற்ற ஒற்றைக் கல் வளைவைப் பற்றி. நீள்கூடமும் குறுக்குக் கூடமும் சந்திக்கும் இடத்தின் மேலே நடுக் கோபுரம் இருந்தது. அதன் கீழிருந்த கவிகையை மூலைக்கு மூலை குறுக்காகச் செல்லும் இரண்டு விலா வளைவுகள் தாங்கின. கோபுரம் விழுந்தபோது அவற்றுள் ஒன்று மட்டும் தப்பிவிட்டது. மேலே பாரம் இல்லை, இரு பக்கமும் நிரப்புக் கல் இல்லை. தன் எடையை மட்டும் சுமந்துகொண்டு, ஒவ்வொரு கல்லும் அடுத்த கல்லை நெருக்க, வெறும் வானத்தின் குறுக்கே அது வளைந்து நிற்கிறது. கீழே நின்று அண்ணாந்து பார்த்தால், கற்களின் இணைப்புகளை ஒவ்வொன்றாக எண்ணலாம். இளஞ்சிவப்பு மணற்கல்லைக் காற்று தேன்கூடு போல அரித்து உள்ளே தள்ளியிருக்க, சில இடங்களில் கல்லுக்கு நடுவே இருந்த சுண்ணச் சாந்து மட்டும் வரப்பு போல வெளியே துருத்திக்கொண்டிருக்கிறது. கல்லைவிடச் சாந்து நெடுநாள் தாங்கிய காட்சியை அங்கேதான் கண்டேன்.

மேற்குச் சுவர்ப் பக்கம் போகிறவர்கள் உயரத்தில் இருக்கும் அம்புத் துளைகளையும் பாருங்கள். ஸ்காட்லாந்து எல்லைப் போர்க் காலத்தில் தேவாலயத்தையே அரணாக்கிக்கொள்ள வேண்டிய நிலை சிறு எண்ணிக்கையிலிருந்த அந்தத் துறவிகளுக்கு வந்தது. எட்டாம் ஹென்றி மன்னர் காலத்தில், 1537இல், மடம் மூடப்பட்டது. அதன் கற்களை எடுத்துப் போய்த்தான் பக்கத்துக் குன்றின் மேல் கோட்டை கட்டினார்கள்.

செவ்வந்தி எழுதியது:

ஆதி மடத்தையே கண்ணால் காண வேண்டும் என்பவர்கள் அயர்லாந்தின் தென்மேற்கே ஸ்கெலிக் மைக்கேல் பாறைத் தீவுக்குப் போகலாம். அங்கே அறுநூறுக்கும் மேற்பட்ட கற்படிகள் ஏறினால், கடல் மட்டத்துக்குச் சுமார் 180 மீட்டர் உயரத்தில், சாந்து இல்லாமல் கல்லின் மேல் கல் அடுக்கிய தேன்கூட்டு வடிவக் குடில்கள் ஆறு இன்றும் கூரையோடு நிற்கின்றன. 1996இல் அது உலக மரபிடமாக அறிவிக்கப்பட்டது. நாளொன்றுக்கு இத்தனை பேர் என்று வரம்பு இருப்பதாலும், கடல் சீறினால் படகு கரை சேர முடியாது என்பதாலும், முன்பதிவு செய்திருந்தும் எங்களுக்கு இரண்டாம் முறைதான் வாய்ப்புக் கிடைத்தது. 793இல் அழிந்துபோன லிண்டிஸ்ஃபார்னைவிட அதுவே நேரான அனுபவம் தரும் என்பது என் எண்ணம்.

வடகரை எழுதியது:

செவ்வந்தி அவர்களின் ஒப்பீடு நல்லது. ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். இரண்டுமே அயர்லாந்துத் துறவு மரபின் பிள்ளைகள். ஸ்கெலிக் பாறையில் மரம் இல்லை; கல்லைத் தவிர கைக்கு எட்டிய பொருள் வேறில்லை, ஆகவே குடில் நின்றது. லிண்டிஸ்ஃபார்ன் இருந்த நார்தம்ப்ரியா நாட்டில் ஓக் கிடைத்தது, ஆகவே தேவாலயம் மறைந்தது. வேறுபட்டது கைக்குக் கிடைத்த பொருள்தான்.

அலைவாய் எழுதியது:

"793இல் அழிந்துபோன" என்ற சொற்களை மட்டும் மறுக்க வேண்டியிருக்கிறது. பல பயணக் குறிப்புகளில் இந்தப் பிழை திரும்பத் திரும்ப வருவதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

793 ஜூன் 8 அன்று நடந்த தாக்குதல் கொடூரமானது என்பதில் ஐயமில்லை. அப்போது சார்லமேன் மன்னரின் அவையைச் சேர்ந்திருந்த ஆல்குயின் என்ற அறிஞர், கத்பர்ட்டின் தேவாலயம் துறவிகளின் குருதியால் நனைந்தது என்று துடித்து எழுதிய கடிதங்கள் கிடைக்கின்றன. ஆனால் அந்தக் கடிதங்களுள் ஒன்று யாருக்கு எழுதப்பட்டது என்று பார்க்க வேண்டும். லிண்டிஸ்ஃபார்னின் ஆயர் ஹிக்பால்டுக்கும், உயிர்பிழைத்த துறவிகளுக்கும் எழுதப்பட்டது அது. ஹிக்பால்ட் அதற்குப் பின் பத்தாண்டுகள் ஆயராக இருந்து 803இல் இறந்தார். கத்பர்ட்டின் சவப்பெட்டி தப்பியது. நற்செய்தி நூல் தப்பியது. 793க்கும், துறவிகள் தீவை விட்டுப் போன 875க்கும் இடையே எண்பத்திரண்டு ஆண்டுகள். மூன்று தலைமுறைக் காலம். அவ்வளவு காலமும் அங்கே மணி அடித்தது, வழிபாடு நடந்தது, கல்லில் பெயர் பொறித்தார்கள்.

அப்படிப் பொறித்த ஒரு கல் இடிபாட்டுக்குப் பக்கத்திலுள்ள அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 9ஆம் நூற்றாண்டுக் கல், முழ உயரம்கூட இருக்காது. ஒரு முகத்தில் ஏழு வீரர்கள் வாளும் கோடரியும் ஓங்கியபடி வரிசையாக வருகிறார்கள். மறு முகத்தில் சிலுவை, அதற்கு இருபுறமும் கதிரவனும் நிலவும், கீழே வணங்கும் இருவர். வைக்கிங் தாக்குதலின் நினைவு என்று சிலரும், உலக முடிவு நாளின் காட்சி என்று சிலரும் அதை விளக்குகிறார்கள். நான் இரண்டாம் விளக்கத்தின் பக்கம் சாய்கிறேன், ஏனெனில் கதிரவனும் நிலவும் சிலுவையோடு சேர்ந்து நிற்பதற்கு அதுவே பொருந்துகிறது. வானவில் வளைவைப் படம் எடுத்துவிட்டு இந்தக் கல்லைப் பார்க்காமலே பலர் திரும்பிவிடுவது வருத்தமாக இருக்கிறது. எய்டனின் வழிவந்தவர்களின் கைவேலையைத் தீவிலேயே காண வேண்டுமானால், அது இங்கேதான் இருக்கிறது.

அகழ்வும் நின்றுவிடவில்லை. 2016 முதல் டரம் பல்கலைக்கழகத்தோடு இணைந்து, பொதுமக்களின் நன்கொடையாலும் உழைப்பாலும் மடத்தின் அருகே தோண்டி வருகிறார்கள். நீலக் கண்ணாடியில் வெள்ளைச் சுழி வைத்த, நுனிவிரலில் அடங்கும் விளையாட்டுக் காய் ஒன்று கிடைத்ததாக 2020இல் அறிவித்தார்கள்.

செவ்வந்தி எழுதியது:

திருத்தத்துக்கு நன்றி, ஐயா. 793 என்ற ஆண்டையே முடிவாக எண்ணியிருந்தேன். ஹிக்பால்டின் செய்தி எனக்குப் புதிது.

ஓதநீர் எழுதியது:

இவ்வளவு நேரம் கல்லைப் பற்றியே பேசியிருக்கிறோம். கடலைப் பற்றியும் யாராவது சொல்லியாக வேண்டும், ஏனெனில் இந்த இழையைப் படித்துவிட்டுப் போகிறவர்களின் உயிர் அதில் இருக்கிறது.

தீவுக்குப் படகு இல்லை. கடல் வற்றும்போது மட்டும் வெளியே தெரியும் தாம்போதி, அதாவது தாழ்ந்த சாலை, ஒன்றுதான் வாகனங்களுக்கு வழி. நாள்தோறும் இருமுறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஐந்து மணி நேரம், அதன் மேல் கடல் நிற்கும். கடக்கத் தக்க நேரங்களை மாவட்ட நிருவாகம் அட்டவணையாக வெளியிடுகிறது. தாம்போதியின் தாழ்ந்த பகுதியில், பாலத்தை ஒட்டி, கால்கள் வைத்து உயர்த்திக் கட்டிய ஒரு வெள்ளைக் கூண்டு அறை உண்டு. அட்டவணையை மீறிப் போய்த் தண்ணீரில் மாட்டிக்கொண்டவர்கள் வண்டியை விட்டுவிட்டு அதில் ஏறிக் காத்திருக்க வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் வண்டிகள் அப்படி மூழ்கிக்கொண்டுதான் இருக்கின்றன.

நடந்து போகும் பழைய வழி வேறு. மணலில் நட்ட கம்பங்களின் வரிசையைப் பிடித்துக்கொண்டு ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் போக வேண்டும். சாலை அட்டவணையிலுள்ள நேரம் இந்த மணல் வழிக்குப் பொருந்தாது. நான் அதை அறியாமல், சாலைக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறதே என்ற நம்பிக்கையில் பிற்பகலில் நடக்கத் தொடங்கிவிட்டேன். பாதி வழியில், முன்னே உலர்ந்து கிடந்த ஒரு தாழ்ந்த ஓடையில் தண்ணீர் வந்துவிட்டது. அலை அடித்து வரவில்லை. சத்தமே இல்லாமல், தரையிலிருந்து ஊறுவது போல, கம்பத்தின் அடியைச் சுற்றி நிரம்பிக்கொண்டே வந்தது. கணுக்கால் அளவு இருந்தது முழங்காலுக்கு வந்தபோது திரும்பி ஓடினேன். மணல் வழியில் போகிறவர்கள் கடல் இறங்கிக்கொண்டிருக்கும்போதே கிளம்பி, முழுமையாக வற்றும் நேரத்துக்குள் தீவை அடைந்துவிட வேண்டும். ஐயம் இருந்தால் நடக்க வேண்டாம்.

பீடும் இதைக் குறித்திருக்கிறார்: நாளுக்கு இருமுறை கடல் சூழ்ந்து அது தீவாகிறது, இருமுறை கரையோடு சேர்கிறது என்று. அவர் எழுதிய அந்த ஒன்று மட்டும் இன்றும் ஒரு மாற்றமும் இல்லாமல் நடக்கிறது.

பனைநிழல் எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. ஓதநீர் அவர்கள் எழுதியதைப் படித்த பின், ஒரு நாள் பயணத்தில் நான் எதைத் தவறவிட்டேன் என்று விளங்கியது. கடல் ஏறுமுன் ஓடி வந்துவிட்டதால், அது தீவாக இருக்கும் நேரத்தில் நான் அங்கே இருந்ததே இல்லை. ஆகவே சென்ற வாரம் தனியாகப் போய், கிராமத்தில் ஓர் இரவு தங்கினேன்.

மாலையில் தாம்போதி மூடியதும் சுற்றுலா வண்டிகள் எல்லாம் போய்விட்டன. கிராமத்தின் தென்மேற்கே, கரையிலிருந்து கூப்பிடு தொலைவில், ஒரு சின்னஞ்சிறு பாறைத் திட்டு இருக்கிறது. கத்பர்ட் தெற்கே இருக்கும் இன்னர் ஃபார்ன் தீவில் தனித்துறவு கொள்வதற்கு முன், மடத்தின் சந்தடியும் வேண்டாம் என்று முதலில் ஒதுங்கியிருந்த இடம் இதுதானாம். பகலில் கடல் வற்றியிருந்தபோது வழுக்கும் பாசிக் கற்களின் மேல் நடந்து அதற்குப் போய் வந்தேன். இடைக்காலச் சிற்றாலயம் ஒன்றின் அடிச்சுவர் புல்லோடு புல்லாகக் கிடக்கிறது. பலிபீடம் இருந்த இடத்தில் ஒரு சிலுவை நட்டிருக்கிறார்கள். திரும்பும்போது கூழாங்கற்களுக்கு இடையே ஒரு மணியைக் கண்டேன். உளுந்தைவிடச் சற்றுப் பெரியது, சாம்பல் நிறம், நடுவில் துளை. கடல் அல்லி எனப்படும் உயிரினத்தின் தண்டு பல கோடி ஆண்டுகளுக்கு முன் கல்லாக மாறித் துண்டு துண்டாக உதிர்ந்தது அது. அங்குள்ளவர்கள் அவற்றைக் கத்பர்ட்டின் மணிகள் என்று சொல்லி, முன்பெல்லாம் செபமாலையாகக் கோத்தார்களாம். படம் எடுத்துக்கொண்டு இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

இருட்டும் நேரத்தில் அந்தத் திட்டும் தனித் தீவாகிவிட்டது. எதிரே, மறுகரை மணலில், கப்பல்களுக்குக் குறி காட்டும் இரண்டு உயர்ந்த தூண்கள் தெரிந்தன. அவற்றின் அடியில் மணல் திட்டில் கிடந்த சீல்கள் ஊளையிட்டன. ஊளை என்ற சொல் சரியில்லை. பலர் கூடி, வாய் திறக்காமல், ஒரே சுரத்தை இழுப்பது போல இருந்தது. எய்டன் கேட்டதும் கத்பர்ட் கேட்டதும் இதே ஓசையாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன்.

வானவில் வளைவை மறுநாள் காலையில் மீண்டும் பார்த்தேன். கல்தச்சன் அவர்கள் சொன்னபடி கற்களை எண்ணினேன். ஏழு வீரர்கள் இருக்கும் கல்லின் முன்னும் நின்றேன். அலைவாய் அவர்களின் விளக்கம் எனக்கும் பொருத்தமாகத் தோன்றியது.

இரவே அப்பாவைத் தொலைபேசியில் அழைத்து, அன்று நான் சொன்னது தவறு, அந்தத் தூண் எய்டன் கட்டியது இல்லை என்று சொன்னேன். ஓக் மரம், நாணல், ஈயம், பதவுரை எல்லாவற்றையும் விவரித்தேன். பதவுரையைக் கேட்டதும், எந்தச் சொல்லுக்கு என்ன பொருள் எழுதியிருக்கிறார் என்று ஒரு வரியாவது எடுத்து அனுப்பச் சொன்னார். பிறகு சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அவ்வளவு பெரிய கூரைக்கு நாணலை எங்கே அறுத்தார்கள்?" என்று கேட்டார்.

கோட்டைக்கு வடக்கே ஒரு சிறு நன்னீர் ஏரி இருப்பதாக விடுதிக்காரர் சொன்னார். விடிந்ததும், தாம்போதி திறக்க இன்னும் நேரம் இருந்ததால், அந்தப் பக்கம் நடந்தேன்.